டர்ட்டி கௌ: பதினைந்து வரி பேட்ச், பதினேழு வருட வேலை

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்ட்ஓஎஸ் 7 ஓடும் பழைய சர்வர் ஒன்று. ஓடும் கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்பைக் காட்டும் யூநேம் -ஆர் கட்டளை கொடுத்தால் 3.10.0-327 என்று தொடங்கி ஏதோ காட்டுகிறது. சாதாரண பயனரை ரூட் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) ஆக்கிவிடக்கூடிய டர்ட்டி கௌ ஓட்டை 4.8.3 கெர்னலில்தான் அடைக்கப்பட்டது என்று படித்திருக்கிறீர்கள். யம் அப்டேட் (புதிய பேக்கேஜ்களை நிறுவும் கட்டளை) எப்போதோ கொடுத்தாயிற்று, ரீபூட் மட்டும் செய்யவில்லை. இந்த மெஷின் ஆபத்தில் இருக்கிறதா, அதை அடைத்த பதினைந்து வரி பேட்சுக்கு (திருத்தத்துக்கு) ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம், ரீபூட் இல்லாமல் தப்பிக்க வழி உண்டா?

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ரீபூட் செய்யாதவரை நீங்கள் போட்ட அப்டேட் டிஸ்கில் தூங்குகிறது, மெமரியில் ஓடுவது பழைய கெர்னல்தான், ஆகவே ஆபத்தில்தான் இருக்கிறீர்கள். 3.10 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, அது வேறு கதை, பின்னால் வருகிறேன். ஆனால் "ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஓட்டையை லினக்ஸ் ஆட்கள் ஒரு முறை அடைக்கவில்லை, 2005-இல் ஒரு தடவை, 2016-இல் ஒரு தடவை, 2017-இல் ஒரு தடவை, 2022-இல் ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப அடைத்திருக்கிறார்கள்.

ஓட்டை இருந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு ஃபைலை ப்ரைவேட்டாக எம்மேப் செய்தால் (மெமரியில் பொருத்தினால்), படிக்கும்வரை எல்லா ப்ராசஸும் (ஓடும் நிரல்களும்) பேஜ் கேஷில், அதாவது ஃபைல்களைக் கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் இடத்தில், இருக்கிற அதே பிரதியைத்தான் பார்க்கின்றன. யாராவது எழுதப் போனால் கெர்னல் அந்தப் பேஜை (மெமரியின் ஒரு துண்டை) மட்டும் நகலெடுத்துக் கொடுத்து, நகலில் எழுத விடும். அசல் அப்படியே இருக்கும். இதுதான் காப்பி-ஆன்-ரைட். இதில் டீபக்கருக்கென்று (நிரலின் பிழை தேடும் கருவி) ஒரு சலுகை உண்டு. படிக்க மட்டுமே அனுமதியுள்ள இடத்தில் ப்ரேக்பாயிண்ட் (நிரலை நிறுத்தும் குறி) வைக்க வேண்டியிருப்பதால், ஃபோல்_ஃபோர்ஸ் என்ற கொடியோடு வந்தால் கெர்னல் பலவந்தமாக எழுத விடும். எழுதுவது நகலில்தானே, அசலுக்கு ஒன்றும் ஆகாது என்பது கணக்கு. பிட்ரேஸ் (டீபக்கர்கள் பயன்படுத்தும் கெர்னல் அழைப்பு) மூலம் எழுதினாலும் சரி, ப்ராசஸின் மெமரியையே ஃபைலாகக் காட்டும் ப்ராக்/செல்ஃப்/மெம் ஃபைலில் எழுதினாலும் சரி, இதே பாதைதான்.

இந்த வேலையைச் செய்கிற கெட்_யூசர்_பேஜஸ் ஒரு லூப்பில் சுற்றுகிறது. முதல் சுற்றில் "எழுத ஒரு பேஜ் கொடு" என்று கேட்கிறது. பேஜ் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்தப் பேஜ், என்ன அனுமதி என்ற பட்டியல்) அந்த இடம் படிக்க மட்டும் என்றிருப்பதால் ஃபால்ட் ஆகிறது (கெர்னல் தலையிட வேண்டியிருக்கிறது), நகல் தயாராகிறது. இங்கேதான் ஒரு சிக்கல். மேப்பிங்கே படிக்க மட்டும் என்பதால் புதிய நகலுக்கும் எழுதும் அனுமதி கிடைக்காது, மறுபடியும் "எழுத" என்றே கேட்டுக்கொண்டிருந்தால் லூப் முடியவே முடியாது. அதனால் பழைய கோடு என்ன செய்தது என்றால், நகல்தான் ஆகிவிட்டதே, இனிப் படிக்கக் கேட்டாலே போதும் என்று எழுதும் கொடியைக் (ஃபோல்_ரைட்) கோரிக்கையிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் ஷெட்யூலருக்கு வழிவிடுகிற ஒரு வரியும் இருக்கிறது. அந்த இடைவெளியில் அதே ப்ராசஸின் இன்னொரு த்ரெட் (இணையாக ஓடும் கிளை) மேட்வைஸ் என்ற அழைப்பைக் கொடுத்து "இந்தப் பேஜ் எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் நகல் காணாமல் போகும். அடுத்த சுற்றில் கெர்னல் தேடுகிறது, பேஜ் இல்லை, மறுபடி ஃபால்ட், ஆனால் இப்போது கோரிக்கை "படிக்க". படிப்பதற்கு நகல் எதற்கு? பேஜ் கேஷில் உள்ள அசலையே எடுத்துக் கொடுக்கிறது. எழுத வந்தவன் அதில் எழுதிவிட்டுப் போகிறான்.

அசல் என்றால் ரூட்டுக்குச் சொந்தமான எந்த ஃபைலும் இருக்கலாம், படிக்க அனுமதி இருந்தால் போதும்: பாஸ்வேர்ட் ஃபைல், செட்யூஐடி பைனரி (ரூட் அதிகாரத்தோடு ஓடும் நிரல்), எதுவும். ஒரு த்ரெட் எழுதிக்கொண்டே இருக்க, இன்னொன்று மேட்வைஸ் அடித்துக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் ரேஸில் (யார் முந்துவது என்ற போட்டியில்) ஜெயித்துவிடலாம். லாகில் சந்தேகப்படும்படி எதுவும் பதிவாகாது.

இப்போது 2005-க்குப் போவோம். இந்த ரேஸ் இருப்பதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வருடமே கவனித்து, ஆகஸ்டில் ஒரு பேட்ச் போட்டார்: எழுதக் கேட்டால் கடைசிவரை எழுதவே கேள், பேஜ் டேபிள் என்ட்ரியில் டர்ட்டி பிட் (பேஜில் எழுதியாயிற்று என்ற குறி) ஏறியிருக்கிறதா என்று பார், ஏறாவிட்டால் இன்னொரு சுற்று போ. நல்ல யோசனைதான். ஆனால் ஐபிஎம் மெயின்ஃபிரேமான எஸ்390-இல் அந்தக் காலத்தில் டர்ட்டி தகவல் பேஜ் டேபிளிலேயே கிடையாது, அது பிசிக்கல் பேஜோடு ஒட்டியிருக்கிற ஸ்டோரேஜ் கீயில் இருக்கும். இல்லாத பிட் ஏறுவதற்காகக் காத்திருந்தால் லூப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சில நாட்களிலேயே அந்தப் பேட்சைத் திரும்ப எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டார்கள். ரேஸ் வெறும் ஏட்டளவில்தான் என்று தோன்றியதால் விஷயம் அப்படியே அமுங்கிப்போனது. பாதிப்பு 2007-இல் வந்த 2.6.22-இலிருந்து என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். நடுவில் மெஷின்களில் கோர்கள் பெருகின, மெமரி கோடும் வேகமாக வளர்ந்தது, ஏட்டளவில் இருந்த ரேஸ் எளிதாக ஜெயிக்கக்கூடிய ரேஸாக மாறியது. எஸ்390-க்கு 3.9 கெர்னலில் மென்பொருள் வழியாக டர்ட்டி பிட்டும் வந்துசேர்ந்தது, அதாவது 2005-இன் தடை 2013-லேயே நீங்கிவிட்டது. ஆனால் அந்தப் பழைய பேட்சை யாரும் தூசி தட்டவில்லை.

2016 அக்டோபரில் ஃபில் ஓஸ்டர் என்பவர் தன் சர்வருக்கு வரும் எச்டிடிபி ட்ராஃபிக்கைச் சேமித்து வைக்கிற பழக்கத்தால், அதற்குள்ளிருந்து ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த எக்ஸ்ப்ளாய்ட் (ஓட்டையைப் பயன்படுத்தும் நிரல்) ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். யாரோ இதை வெளியில் தெரியாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இதில் மோசமான பகுதி. சிவிஇ-2016-5195 என்று (பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில்) எண் கொடுத்தார்கள், அக்டோபர் 19 அன்று பொதுவில் அறிவித்தார்கள். லினஸ் எழுதிய கமிட் (கோடு மாற்றப் பதிவு) செய்தியில், பதினோரு வருடம் முன்பு நானே இதை மோசமாக அடைக்கப் பார்த்தேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. கெர்னல் கமிட்டில் இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்ப்பது அபூர்வம்.

பேட்ச் இரண்டே ஃபைலைத் தொட்டது. எழுதும் கொடியை எடுத்துவிடுகிற விளையாட்டை நிறுத்திவிட்டு, "நகல் எடுத்தாயிற்று" என்று நினைவு வைத்துக்கொள்ள ஃபோல்_கௌ என்ற புதுக் கொடி ஒன்றைச் சேர்த்தார்கள். பேஜைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன ஃபங்ஷன் கேட்கிறது: பேஜ் டேபிள் என்ட்ரியில் எழுதும் அனுமதி இருக்கிறதா? இல்லையென்றால் ஃபோல்_ஃபோர்ஸ் இருக்கிறதா, ஃபோல்_கௌ இருக்கிறதா, கூடவே டர்ட்டி பிட்டும் ஏறியிருக்கிறதா? மூன்றும் இருந்தால் மட்டும் போ. நடுவில் யாராவது நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு அசலைக் கொண்டுவந்து வைத்திருந்தால் அதில் டர்ட்டி பிட் இருக்காது, ஆகவே உள்ளே விடாது, இன்னொரு நகல் எடுக்கச் சொல்லும்.

அந்த மூன்றாவது நிபந்தனைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: இந்த மாதிரி மேப்பிங்கில் டர்ட்டி பிட் ஏறியிருந்தால் அது நகல்தான், அசலாக இருக்க வாய்ப்பில்லை. கெர்னலில் பேட்ச் எழுதுவதில் கஷ்டமே இதுதான் என்பேன். கோடு பதினைந்து வரி, ஆனால் அது சாய்ந்து நிற்கிற நம்பிக்கை மெமரி கோடு முழுக்கப் பரவியிருக்கிறது, அந்த பிட்டை ஏற்றுகிற ஒவ்வொரு ஃபங்ஷனும் அதை மதிக்க வேண்டும், இனி எழுதப்போகிறவர்களும் மதிக்க வேண்டும், அதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2017-இல் அது உடைந்தது. 2 எம்பி ஹியூஜ் பேஜ்களுக்கும் இதே விதியை நீட்டியிருந்தார்கள். ஆனால் ஹியூஜ் பேஜ் பக்கம் டச்_பிஎம்டி என்று ஒரு ஃபங்ஷன், படிக்க வந்தாலும் சரி எழுத வந்தாலும் சரி, டர்ட்டி பிட்டை ஏற்றிவிடும். அதை எழுதியவருக்கு அது ஒரு பாதுகாப்புச் சோதனையின் அஸ்திவாரமாகப் போகிறது என்று எப்படித் தெரியும்? நகல் எடுக்க வை, நகலைத் தூக்கி எறி, அசலைப் படிக்க வைத்து டர்ட்டி ஆக்கு, சோதனை தாண்டிவிடும். நல்லவேளையாக சாதாரண டிஸ்க் ஃபைல்களுக்கு அப்போது அந்த வகை ஹியூஜ் பேஜ் இல்லாததால், ஜீரோ பேஜ் (பூஜ்யம் மட்டுமே நிரம்பிய பொதுப் பேஜ்), ஷேர்டு மெமரி என்ற அளவில் சேதம் நின்றது. ஹியூஜ் டர்ட்டி கௌ, சிவிஇ-2017-1000405.

2022-இல் மறுபடியும். இந்த முறை 5.16-இல் யூசர்ஃபால்ட்எஃப்டி (பேஜ் ஃபால்ட்டை நிரலே கையாள விடும் வசதி) பக்கம் வந்த ஒரு மாற்றம், ஷேர்டு மெமரி பேஜ்களை டர்ட்டி என்றே குறித்துவிட்டது; டிஎம்பிஎஃப்எஸ் (மெமரியிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம்) ஃபைல்களில் பழைய ஆட்டத்தை மறுபடி ஆட முடிந்தது. ரெட் ஹாட்டின் டேவிட் ஹில்டன்பிராண்ட் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார், இந்தத் தடவை நம்பிக்கையையே மாற்றினார். டர்ட்டி பிட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இந்தப் பேஜ் எந்த ஃபைலையும் சேராத தனிப் பேஜா, இந்த ப்ராசஸுக்கு மட்டுமே உரியதா என்று நேராகக் கேட்கிற சோதனை. 2016-இல் சேர்த்த ஃபோல்_கௌ கொடியையும் அதே பேட்சில் தூக்கிவிட்டார். 6.0 கெர்னலில் வந்தது.

அப்படியானால் 2016-லேயே ஒழுங்காகச் செய்திருக்கலாமே என்று கேட்பார்கள். முடியாது. "இந்த ப்ராசஸுக்கு மட்டும்" என்ற குறியே 5.19-இல்தான் வந்தது, அதற்குப் பின்னால் பெரிய மறுசீரமைப்பு இருக்கிறது. எக்ஸ்ப்ளாய்ட் வெளியில் சுற்றும்போது 2.6.32 முதல் 4.8 வரை எல்லாவற்றிலும் ஒட்ட வேண்டிய பேட்ச் சின்னதாகத்தான் இருந்தாக வேண்டும். சின்ன பேட்ச் சரியான முடிவுதான், அதன் விலையைத் தவணையில் கட்டினார்கள், அவ்வளவுதான். எல்லா ஓட்டையும் இப்படி இழுக்காது என்பதையும் சொல்ல வேண்டும்: 2022 மார்ச்சில் மேக்ஸ் கெல்லர்மன் வெளியிட்ட டர்ட்டி பைப்பும் பேஜ் கேஷில் எழுதுகிற ஓட்டைதான், ஆனால் அங்கே காரணம் பைப் பஃபரின் ஃப்ளாகுகளைப் பூஜ்யமாக்க மறந்தது. இரண்டு இடத்தில் பூஜ்யம் என்று எழுதினார்கள், முடிந்தது.

சரி, உங்கள் சர்வருக்கு வருவோம். 4.8.3, 4.7.9, 4.4.26 எல்லாம் கெர்னல் ஆர்க் (லினக்ஸ் கெர்னலின் அதிகாரபூர்வ தளம்) வெளியிடுகிற பதிப்புகள். ரெட் ஹாட், அதன் வழி வரும் சென்ட்ஓஎஸ், இவையெல்லாம் ஒரு பதிப்பைப் பிடித்துக்கொண்டு அதிலேயே பல வருடம் ஓட்டுவார்கள், புதிய பேட்சுகளைப் பழைய கோடுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டுவார்கள். இதுதான் பேக்போர்ட். இங்கேயும் அப்படியே காப்பி அடிக்க முடியாது, 3.9-க்கு முந்தைய கெர்னல்களில் எஸ்390 பிரச்சினை அப்படியே இருப்பதால், அங்கே டர்ட்டி பிட்டுக்குப் பதில் பேஜின் நிலையை நேரடியாகப் பார்க்க வேண்டும் என்று லினஸே கமிட்டில் எழுதியிருந்தார். ஆக 3.10 என்ற எண் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது, 3.10.0-க்கு அடுத்த இணைப்புக்குறிக்கு (-) பின்னால் வருவதுதான் முக்கியம். இந்த ஓட்டைக்கு ஆர்எச்இஎல் (ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்) 7-இல் 3.10.0-327.36.3 என்ற கெர்னல் வந்தது, 6-இல் 2.6.32-642.6.2. யூநேம் காட்டுவது 327.36.3-க்குக் கீழே இருந்தால் ஓட்டை திறந்தே இருக்கிறது. உபுண்டு 16.04-ஆக இருந்திருந்தால் 4.4.0-45 என்று பார்க்கச் சொல்லியிருப்பேன்.

எண்ணை நம்ப மனமில்லையென்றால் ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக் (பேக்கேஜின் மாற்றப் பட்டியல்) கொடுத்து அதில் 2016-5195 என்று தேடுங்கள். ஒரு விஷயம்: வெறுமனே கெர்னல் என்று பெயர் கொடுத்தால் நிறுவியிருக்கிற எல்லா கெர்னலின் சேஞ்ச்லாகும் வரிசையாகக் கொட்டும், புதியதில் இருக்கிற வரியைப் பார்த்துவிட்டு "ஆஹா, இருக்கிறது" என்று நிம்மதியாகிவிடுவீர்கள். கெர்னலுக்குப் பக்கத்தில் யூநேம் காட்டிய முழு எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள், அப்போதுதான் ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றிப் பதில் வரும். வல்னரபிலிட்டி ஸ்கேனர்கள் பலவும் இதே இரண்டு இடத்தில்தான் சொதப்புகின்றன: ஒன்று, 3.10-ஐப் பார்த்ததும் சிவப்பு காட்டும். இல்லையென்றால் டிஸ்கில் இருக்கிற பேக்கேஜைப் பார்த்துப் பச்சை காட்டும்.

ரீபூட் இல்லாமல்? 2016-இல் அந்த முதல் நாட்களில், பேட்ச் வரும்வரை ரெட் ஹாட் ஒரு சிஸ்டம்டேப் (ஓடும் கெர்னலில் கொக்கி போடும் கருவி) ஸ்கிரிப்ட் கொடுத்தது, ப்ராக் மெம் ஃபைலில் எழுதுவதையும் பிட்ரேஸையும் மடக்குகிற மாதிரி. டீபக்கர் வேலை செய்யாது, வேறு சில மென்பொருளும் தகராறு செய்யலாம், இருந்தாலும் அந்த நேரத்துக்கு உதவியது. பிட்ரேஸை ஏன் சேர்த்தார்கள் என்றால், ஆர்எச்இஎல் 5, 6-இல் ப்ராக்/செல்ஃப்/மெம்மில் எழுதவே முடியாது, அதனால் புழக்கத்தில் இருந்த எக்ஸ்ப்ளாய்ட் அங்கே ஓடாது என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், ஆனால் அதே ஓட்டைக்கு பிட்ரேஸ் வழியாக வர முடிந்தது. ஒரு எக்ஸ்ப்ளாய்ட் ஓடவில்லை என்பதை வைத்து ஓட்டை இல்லை என்று முடிவு கட்டவே கூடாது.

இன்னொரு வழி லைவ்பேட்ச், அதாவது ஓடும் கெர்னலை நிறுத்தாமலே திருத்துவது. ரெட் ஹாட்டின் கேபேட்சும் சூசேயின் கேகிராஃப்டும் தனித்தனியாக வளர்ந்து, 2015-இல் 4.0 கெர்னலில் பொதுவான ஒரு அடித்தளமாக உள்ளே வந்தன. உபுண்டுவின் லைவ்பேட்ச் சேவை டர்ட்டி கௌ வெடித்த அதே வாரம் அறிமுகமானது தற்செயல்தான், இதைவிட நல்ல விளம்பரம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. நடப்பது இதுதான்: ட்ரேசிங்குக்காக ஒவ்வொரு கெர்னல் ஃபங்ஷனின் தொடக்கத்திலும் எக்ஸ்86-64-இல் ஐந்து பைட் சும்மா விடப்பட்டிருக்கும். அந்த ஐந்து பைட்டில் ஒரு அழைப்பைப் பொருத்தி, பழைய ஃபங்ஷனுக்குள் நுழைய வருகிறவரை மாட்யூலாக ஏற்றிய புதிய ஃபங்ஷனுக்குத் திருப்பி விடுகிறார்கள். பழைய ஃபங்ஷனுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற ப்ராசஸ் என்ன ஆவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. 4.12-இலிருந்து ஒவ்வொரு டாஸ்கின் (ஓடும் வேலையின்) ஸ்டாக்கையும் (நடந்துகொண்டிருக்கும் ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கை) பார்த்து, மாற்றப்படுகிற ஃபங்ஷன் அதில் இல்லாதபோதுதான் அந்த டாஸ்கைப் புதிய பக்கம் மாற்றுகிறார்கள். அந்த ஃபங்ஷனுக்குள் ஐஓவுக்காகக் காத்துக் கிடக்கிற ஒரே ஒரு டாஸ்க் மொத்த மாற்றத்தையும் முடியவிடாமல் தொங்க வைக்கலாம்.

டர்ட்டி கௌ மாதிரி, ஒரு ஃபங்ஷனின் உள்ளே நிபந்தனை மாறுகிற பேட்சுக்கு இது அருமையாகப் பொருந்தும். டேட்டா அமைப்பே மாறுகிற பேட்ச் என்றால் திணறும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் (சிபியூவிலேயே இருந்த ஓட்டை) வந்தபோது யூசர் பக்கத்துக்கும் கெர்னல் பக்கத்துக்கும் பேஜ் டேபிளையே பிரிக்க வேண்டியிருந்தது, உபுண்டு லைவ்பேட்ச் பயனர்களும் ரீபூட்தான் செய்தார்கள். லைவ்பேட்சை ரீபூட்டை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, ஞாயிறு இரவு நிதானமாகச் செய்ய உதவும் வசதியாகவே நான் பார்க்கிறேன். வருடக்கணக்கில் ரீபூட் செய்யாத சர்வர் பெருமைக்குரிய விஷயம் கிடையாது, அது திரும்ப எழுந்திருக்குமா என்றே யாருக்கும் தெரியாத சர்வர்.

உங்கள் நிலைமையில் லைவ்பேட்ச் தேடிக்கொண்டிருக்காதீர்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. இன்று ரீபூட் செய்தால் டர்ட்டி கௌ போகும், ஆனால் அதற்குப் பின் வந்தவற்றுக்கு இலவசமாகப் பேட்ச் வராது. பேக்கப் எடுத்து, இன்று இரவே ரீபூட், அப்புறம் அல்மாலினக்ஸோ ராக்கியோ ஏதோ ஒன்றுக்கு மாறும் வேலையைத் தொடங்குங்கள். வெளியாட்கள் ஷெல் வைத்திருந்த மெஷின், அல்லது ஓட்டையுள்ள வெப் அப்ளிகேஷன் ஓடிய மெஷின் என்றால் பேட்ச் மட்டும் போட்டுத் திருப்திப்படுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. ஏற்கெனவே ரூட் ஆனவனைப் பேட்ச் வெளியேற்றாது. அப்படிச் சந்தேகம் இருந்தால் நிறுவிய ஃபைல்களைச் சரிபார்க்கும் ஆர்பிஎம் -விஏ ஓட்டிப் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள், அந்த ஆர்பிஎம் பைனரியையே நம்ப முடியாது. புதிதாக நிறுவுவதுதான் சுருக்கமான வழி.

டாக்கர் இமேஜை அப்டேட் செய்துவிட்டேன் என்று கேள்வியின் கீழே சேர்த்திருந்தீர்கள். கன்டெய்னருக்குள் கெர்னல் கிடையாது, எல்லாக் கன்டெய்னரும் ஹோஸ்டின் கெர்னலைத்தான் பகிர்கின்றன, டர்ட்டி கௌவை வைத்துக் கன்டெய்னரிலிருந்து ஹோஸ்டுக்குத் தாவியும் காட்டியிருக்கிறார்கள். இமேஜ் அப்டேட் வேறு காரணங்களுக்கு நல்லது, இதற்கு உதவாது. ஆண்ட்ராய்டும் இதே கெர்னல்தான்: கூகுள் 2016 முடிவதற்குள் பேட்ச் கொடுத்தும், 2017 செப்டம்பரில் டர்ட்டி கௌவைப் பயன்படுத்தும் ஸெட்நியூ என்ற மால்வேரை ட்ரெண்ட் மைக்ரோ கண்டுபிடித்தபோது அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது சீனாவிலும் இந்தியாவிலும். பேட்ச் இருந்தது, ஃபோன் கம்பெனிகள் அனுப்பவில்லை.

புது மெஷினுக்கு மாறியதும் ஒரு வேலை செய்யலாம். 6.12 அல்லது அதற்கு மேல் கெர்னல் கிடைத்தால் ப்ராக்_மெம்.ஃபோர்ஸ்_ஓவர்ரைட் (proc_mem.force_override) என்றொரு பூட் பாராமீட்டர் (கெர்னல் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்பு) இருக்கிறது. அதற்கு நெவர் என்று மதிப்புக் கொடுத்தால் ப்ராக் மெம் ஃபைல் வழியாகப் பலவந்தமாக எழுதுகிற அந்தச் சலுகை மொத்தமாக நிற்கும், பிட்ரேஸ் என்று கொடுத்தால் டீபக்கருக்கு மட்டும் கிடைக்கும். ப்ரொடக்‌ஷன் சர்வரில் யாரும் ஜிடிபி டீபக்கர் ஓட்டவில்லை என்றால் நெவர் வைத்துக்கொள்ளுங்கள்.